பழைய கணக்கோடு வரும் விருந்தாளி

திரைக்கதை எழுதுவோருக்கு என்றுமே அலுக்காத கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் கத்தியும் களவுமாகத் திரிந்தவன், அவற்றையெல்லாம் விட்டொழித்து, எங்கோ ஒரு மூலையில் மனைவி மக்களோடு அமைதியாக வாழ்கிறான். அண்டை வீட்டார் அவனை மதிக்கின்றனர். ஒரு நாள் வாசலில் ஒரு நிழல் விழுகிறது. பழைய கூட்டாளி வந்து நிற்கிறான். அவன் கேட்பது கடனாக இருக்கலாம், பழியாக இருக்கலாம், "கடைசியாக ஒரே ஒரு வேலை" என்ற உதவியாகவும் இருக்கலாம். எதுவாயினும் அன்றோடு அந்த வீட்டின் உறக்கம் கெடுகிறது.

இக்கதையைக் கண்ணீரோடும் சொல்லலாம், கைதட்டலுக்காகவும் சொல்லலாம். சிரிக்கச் சிரிக்கவும் சொல்லலாம் என்று மேலைநாட்டார் சிலர் காட்டியிருக்கின்றனர். ஆங்கிலேய இயக்குநர் ஜோனதன் கிளேசர் 2000-ஆம் ஆண்டில் எடுத்த 'செக்ஸி பீஸ்ட்' அத்தகைய படம். அதன் பெயரே நம் வீட்டுக் கூடத்தில் உச்சரிக்கத் தக்கதன்று. வசனங்களோ பெயரையும் விஞ்சியவை. ஆகவே பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. ஆயினும் அதன் கதையமைப்பைத் தெரிந்துகொள்வதில் பயனுண்டு.

இலண்டனில் இரும்புப் பெட்டிகளை உடைத்துப் பொருள் சேர்த்த கால் என்பவன் ஸ்பெயின் நாட்டில் மலைச்சரிவில் வீடும் நீச்சல் குளமும் அமைத்துக்கொண்டு, மனைவியோடு வெயில் காய்ந்து வாழ்கிறான். படத்தின் தொடக்கத்திலேயே மலையிலிருந்து ஒரு பெரும் பாறை உருண்டு வந்து, மயிரிழையில் அவனைத் தவறவிட்டு, நீச்சல் குளத்தினுள் விழுகிறது. பின்னால் வரப்போகும் விருந்தாளிக்கு அதுவே கட்டியம். வருபவன் டான் லோகன். வங்கி ஒன்றின் பெட்டகத்தை உடைக்க இவன் வேண்டும் என்கிறான். கால் பணிவாக மறுக்கிறான். டான் மறுபடியும் கேட்கிறான். மறுப்பு என்ற சொல்லே அவன் காதில் ஏறுவதில்லை. கெஞ்சல், மிரட்டல், அழுகை, வசை என்று நாள் முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்டுக் குடைகிறான். வீட்டுக்கு வந்து எழுந்து போகாத உறவினரைக் கண்டு பழகிய நமக்கு அக்காட்சிகளில் சிரிப்பு வரும். வந்த சிரிப்பு பாதியிலேயே உறைந்தும் போகும். அந்த டானாக நடித்தவர் பென் கிங்ஸ்லி. ஆம், 1982-இல் 'காந்தி' படத்தில் மகாத்மாவாக நம் கண்முன் நடமாடிய அதே நடிகர்தான். அகிம்சையின் உருவமாக நின்றவர் இப்படத்தில் வன்முறையின் உருவமாக வந்து ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றார்.

இப்படத்தில் ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. கால் திருந்தியவன் அல்லன், ஓய்வு பெற்றவன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. களவாடிய பணத்தில் கட்டிய குளத்தில்தான் அவன் நீந்துகிறான். யாரிடமிருந்து எடுத்தானோ அவர்களுக்கு ஒரு காசும் திரும்பவில்லை. எரிக்கோவின் சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும் முதலில் பேசியது பணக் கணக்குதான்: ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவேன் என்றார். காலுக்கு அந்தக் கணக்கே நினைவில் இல்லை. எனவே கணக்கு அவனைத் தேடி வருகிறது. அந்தக் கணக்குப் பிள்ளையைக் கொன்று, அதே குளத்தின் அடியில் புதைக்க வேண்டியதாகிறது. நகைச்சுவை அங்கே முற்றிலும் கறுத்துவிடுகிறது.

ரொட்டியும் நாற்பது சூவும்

தமிழ்த் திரைக்கு இக்கதை பாரிஸிலிருந்து கோயம்புத்தூர் வழியாக வந்தது. விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட பெருநாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். அதே பெயரில் கோவைப் பட்சிராஜா நிறுவனத்தின் படமாக, கே. ராம்நாத் இயக்கத்தில், 1950-இல் அது வெளிவந்தது. ரொட்டி திருடிச் சிறை சென்று மீண்ட கந்தனாக சித்தூர் நாகையா நடித்தார். அவரை விடாது துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அப்பெயர் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. அவர் பின்னாளில் கதாசிரியராகவும் வசனகர்த்தாவாகவும் புகழ்பெற்றபோதும் 'ஜாவர்' சீதாராமனே. பழைய பெயர் மனிதனை எத்தனை உறுதியாகப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு அந்தக் கதையினின்றே ஒரு சான்று கிடைத்தது விந்தைதான்.

வெள்ளித் தட்டுகளைத் திருடிய கைதியைக் காவலர் பிடித்து வந்தபோது, அவை தாம் கொடுத்தவையே என்று சொல்லி, மெழுகுதிரித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய ஆயரை நம் வாசகர் எல்லோரும் அறிவர். மறையுரைகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்! ஆனால் அதற்கு அடுத்த பக்கத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆயரின் வீட்டிலிருந்து வெளியேறிய வால்ழான், அன்றே வழியில் ஒரு சிறுவனின் நாற்பது சூ நாணயத்தைக் காலால் மிதித்துக்கொண்டு திருப்பித் தர மறுக்கிறான். சிறுவன் அழுதுகொண்டே ஓடிய பிறகுதான் அவன் உள்ளம் உடைகிறது. சட்டம் பின்னாளில் அவனைத் துரத்துவதும் அந்தச் சிறு நாணயத்தின் பெயரால்தான். வெள்ளிக்கு மன்னிப்புக் கிடைத்தது, சில்லறைக்குக் கிடைக்கவில்லை. ஹியூகோவுக்கு நகைச்சுவை தெரியாது என்பாரும் உளர். அவர்கள் இப்பகுதியை மீண்டும் படிக்க வேண்டும்.

அதைவிடக் கூர்மையான இடம் ஒன்று உண்டு. வால்ழான் பெயரை மாற்றிக்கொண்டு ஒரு சிற்றூருக்கு வருகிறான். அவன் வந்து சேர்ந்த மாலையில் ஊரில் தீப்பற்றியிருக்கிறது. தீயினுள் பாய்ந்து இரு குழந்தைகளை மீட்கிறான். அவர்கள் காவல்படைத் தலைவனின் பிள்ளைகள். அந்த நன்றிப் பெருக்கில் அவனுடைய அடையாளச் சீட்டைக் கேட்க எல்லோரும் மறந்துவிடுகின்றனர்! கேட்டிருந்தால் சிறை மீண்டவன் என்ற மஞ்சள் சீட்டைத்தான் அவன் நீட்டியிருக்க வேண்டும். கேட்காத ஒரே காரணத்தால் அவன் தொழிற்சாலை தொடங்குகிறான், ஊரே பிழைக்கிறது, பின்னர் மேயராகவும் ஆகிறான்.

அதே தொழிற்சாலையில் ஃபான்டீன் என்ற ஏழைப் பெண் வேலை செய்கிறாள். மணமாகாமல் பெற்ற குழந்தை ஒன்று அவளுக்கு வேறோர் ஊரில் வளர்வதை மேற்பார்வையாளர் அறிந்து, நன்னடத்தை விதியைக் காட்டி, மேயரின் பெயராலேயே அவளை வேலையினின்று நீக்கிவிடுகிறாள். முதலாளிக்குச் செய்தியே தெரியாது. கடந்த காலத்தை மறைத்து வாழும் மனிதனின் ஆலையில், கடந்த காலத்துக்காக ஒரு பெண் தெருவில் நிறுத்தப்படுகிறாள். அங்கிருந்து அவள் வீழ்ந்த வீழ்ச்சியை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. ஆலைகள் நிறைந்த நம் பகுதியில் இந்நாவலை வாசிப்போர் இந்த அதிகாரத்தில் சற்று நிற்பது நல்லது.

விசில் எதற்காக?

இனி நம் காலத்துப் படங்களுக்கு வருவோம். 1995 பொங்கலையொட்டி வெளிவந்த 'பாட்ஷா' படத்தை அறியாத தமிழ் வீடு இல்லை. சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய அப்படத்தில் ஆட்டோ ஓட்டும் மாணிக்கம், தம்பி தங்கையருக்காக எல்லா அவமதிப்பையும் பொறுத்துக்கொள்கிறான். கம்பத்தில் கட்டி அடித்தாலும் கை ஓங்குவதில்லை. இறக்கும் தறுவாயில் தந்தை கேட்டுக்கொண்டதற்கு இணங்கப் பம்பாய் வாழ்வைத் துறந்து வந்தவன் அவன். கதை அளவில் இது மிக உயர்ந்த மனமாற்றம். ஆனால் அரங்கத்தில் நடந்தது என்ன? மாணிக்கம் அடி வாங்கும்போது மக்கள் பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தனர். பழைய பாட்ஷா எப்போது வெளிவருவான் என்பதே அவர்கள் ஏக்கம். அவன் வெளிவந்த கணத்தில் விசில் ஒலி கூரையைப் பிளந்தது. ஆட்டோ ஓட்டிய நல்ல மனிதன் வெறும் வேடம். கொலைக்கு அஞ்சாதவனே மெய்யான நாயகன் என்றாகிவிட்டது. ரஜினிகாந்தின் நடிப்பையோ படத்தின் விறுவிறுப்பையோ குறைகூற நாம் வரவில்லை. அடித்தவனைக் காட்டிலும் அடி பொறுத்தவனே ஆற்றல் மிக்கவன் என்று அந்தக் கம்பத்தடியில் ஒரு நொடி நமக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு நொடியைப் படம் நீட்டியிருக்கலாம் என்பதே நம் ஆதங்கம்.

2023-இல் வந்த 'லியோ'வும் இவ்வழியே சென்றது. இமாசலத்தின் குளிரில் சிற்றுண்டிக் கடை நடத்தும் பார்த்திபன், கொள்ளையரைக் கொன்று பிறரைக் காத்ததால் செய்தித்தாளில் படம் வர, பழைய கூட்டம் மோப்பம் பிடித்து வருகிறது. அதன்பின் திரையில் ஓடிய குருதியை அளக்க வேறு அளவை வேண்டும்.

இவற்றினின்று முற்றிலும் விலகி, இவ்விழவைச் சிரிப்பால் உடைத்த தமிழ்ப்படம் ஒன்று உண்டு. கார்த்திக் சுப்பராஜ் இயக்கத்தில் 2014 ஆகஸ்டில் வெளிவந்த 'ஜிகர்தண்டா' அது. மதுரையில் கொலைக்குப் பெயர்போன அசால்ட் சேதுவைப் பற்றிப் படமெடுக்க விரும்பும் இளைஞன், அவனை ஒளிந்திருந்து ஆராய்கிறான், பிடிபடுகிறான். தன்னைப் பற்றிய படம் என்று அறிந்ததும் சேதுவுக்கு ஆசை பிறக்கிறது. தானே நாயகனாக நடிப்பேன் என்கிறான். மறுத்தால் உயிர் போகும். அவனுக்கும் அவன் அடியாட்களுக்கும் நடிப்புச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் வருகிறார். குரு சோமசுந்தரம் ஏற்ற வேடம் அது. அழச் சொன்னால் அழத் தெரியாமலும், சிரிக்கச் சொன்னால் அச்சமூட்டும்படியும் நிற்கும் அந்தக் கொலைகாரர்களைக் கண்டு வயிறு நோகச் சிரித்தவர்களில் யாமும் ஒருவர்.

ஆனால் சிரிப்பின் அடியில் படம் ஒரு பெரிய காரியத்தைச் செய்கிறது. இளைஞன் பழிவாங்குகிறான், கொலைகாரனின் வீர வரலாற்றைக் கோமாளிக் கூத்தாக எடுத்து வெளியிடுகிறான். ஊரே சேதுவைக் கண்டு சிரிக்கிறது. முதலில் சேது வெறிகொள்கிறான். பின்னர், தன்னைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய மக்கள் இப்போது சிரித்த முகத்தோடு அருகே வருவதைக் காண்கிறான். அச்சத்தால் கிடைத்த மரியாதையை விட இந்தச் சிரிப்பு அவனுக்கு இனிக்கிறது. கொலைத் தொழிலை விட்டு நகைச்சுவை நடிகனாகிறான். சேதுவாக நடித்த பாபி சிம்ஹாவுக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது முற்றிலும் தகும்.

'பாட்ஷா'வில் கடந்த காலம் மகுடமாகச் சூட்டப்படுகிறது. 'ஜிகர்தண்டா'வில் அது கோமாளித் தொப்பியாகிவிடுகிறது. பொய்ப் பெருமை கழன்றால்தான் தீயவன் மனிதனாக முடியும் என்ற உண்மையை ஒரு வன்முறைப் படம் இவ்வளவு வேடிக்கையாகச் சொன்னது வியப்பே. எனினும் முடிவில் ஒரு விஷக் கொடுக்கும் இருக்கிறது. படமெடுத்த இளைஞன் இப்போது சேதுவின் அடியாட்களைத் தன்னுடன் வைத்துக்கொண்டு திரையுலகில் மிரட்டிக் காரியம் சாதிக்கிறான். ஒருவன் கழற்றி எறிந்த சட்டையை மற்றவன் எடுத்து மாட்டிக்கொண்டான். மேலும் ஒன்று: சேதுவால் கொல்லப்பட்டவர்களின் வீடுகளுக்குள் படம் ஒருமுறையும் நுழைவதில்லை. நுழைந்திருந்தால் நாம் சிரித்திருக்க மாட்டோம். இவ்வகைப் படங்கள் அனைத்துக்கும் இதுவே மறைவான நிபந்தனை: இறந்தவனுக்குப் பெயர் இருக்கக் கூடாது.

நெடுஞ்சாலையின் இரு முனைகள்

பெயர் இருந்தால் என்னவாகும் என்பதை நம் திருவள்ளூர் மாவட்டம் அறியும். 2005 சனவரி 9 அதிகாலையில், பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கே. சுதர்சனம் தம் இல்லத்திலேயே கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். லாரிகளில் வந்து நெடுஞ்சாலையோர வீடுகளைத் தாக்கிய வடநாட்டுக் கூட்டத்தின் கைவரிசை அது என்று தெரிந்து, காவல்துறை அதிகாரி ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடமாநிலங்கள் வரை சென்று வேட்டையாடியது. அந்த வேட்டையைத் தழுவி எச். வினோத் 2017-இல் 'தீரன் அதிகாரம் ஒன்று' என்ற படத்தை எடுத்தார். அதில் சிரிக்க இடமில்லை. சிரிப்பு எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அப்படத்தில் வந்த 'குற்றப் பரம்பரை' என்ற சொல் கடும் எதிர்ப்பை எழுப்பியது. ஒரு குலத்தில் பிறந்த காரணத்தாலேயே மனிதனைத் திருடன் என்று பதிவேட்டில் எழுதிய ஆங்கிலேயர் சட்டம் 1871-இல் வந்தது; சுதந்திர இந்தியா 1952-இல் அதை முற்றாக நீக்கியது. தனி மனிதனின் கடந்த காலம் ஒரு சுமை என்றால், ஊரார் ஒரு சமூகத்தின் தலையில் ஏற்றிய கடந்த காலம் அதனினும் கொடிய சுமை. அவர்களில் களவையே அறியாதவன் எதிலிருந்து திருந்துவான்?

சென்னை மத்தியச் சிறை 2006-இல் புழலுக்கு இடம் மாறியது. அங்கிருந்து வெளிவருபவன் வடக்கே திரும்பினால் அதே நெடுஞ்சாலை செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுச்சாலை, கவரைப்பேட்டை வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டியில் கொண்டுவிடும். சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளும் பிற தொழிற்சாலைகளும் இருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளருக்கு அங்கே எப்போதும் தேவை உண்டு. வேலை தேடி வருபவனுக்கு இதைவிட நேர்வழி வேறில்லை என்று தோன்றும்.

ஆனால் வாயிலில் கேட்கப்படுவது ஆதார் அட்டை மட்டுமன்று. நிலையான வேலை என்றால் பல இடங்களில் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றும் வேண்டும். ஹியூகோவின் ஊரில் தீப்பற்றியதால் கேட்க மறந்த சீட்டு, இங்கே மறக்கப்படுவதில்லை. "அண்ணே, பையன் நல்லவன்தான். ஆனா நாளைக்கு ஏதாச்சும் காணாமப் போச்சுன்னா முதல்ல என்னைத்தானே கேப்பாங்க?" என்கிறார் ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரர். அவரையும் முற்றாகக் குறைசொல்ல இயலாது. நிறுவனத்தில் பண்டகசாலைச் சாவிக்குப் பொறுப்பாளி அவர். தொழிலாளரின் கூலிப் பணமும் அவர் கைவழியே போகிறது. கொள்ளைக்கு அஞ்சிய ஊர் இது. அந்த அச்சம் கற்பனையன்று.

காவல் நிலையத்தில் இன்னொரு ஏடும் இருக்கிறது. வழக்குகளில் அடிக்கடி சிக்கியவர்களின் பெயர் 'ஹிஸ்டரி ஷீட்' எனப்படும் பதிவேட்டில் ஏறும். ஊரார் அதை ரவுடிப் பட்டியல் என்பர். ஏறுவது எளிது, இறங்குவது அரிது. உயர்நீதிமன்றம் வரை சென்று தம் பெயரை நீக்கிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அதற்கு வழக்கறிஞர் கட்டணம் வேண்டும். பட்டியலில் உள்ளவனைத் தேர்தல் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் அழைத்து, நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது நெடுநாளைய வழக்கம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவாக இருந்த அந்த அதிகாரம், 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 129-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இரவுப் பணிக்குப் புறப்படும் வேளையில் வாசலில் காவலர் வந்து நின்றால், அந்தத் தெருவில் அவனுடைய மகள் மறுநாள் எப்படிப் பள்ளிக்குச் செல்வாள்? திரைப்படத்தில் பழைய கூட்டாளி வந்து கெடுப்பான். இங்கே அவன் வரவேண்டிய தேவையே இல்லை.

சட்டம் முழுவதும் கல்நெஞ்சம் கொண்டதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், நீதிமன்றத்தால் சிறைக்கு அனுப்பப்படாமல் கண்காணிப்பில் விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதிக்கேடு எதுவும் ஒட்டாது என்று அதன் 12-ஆம் பிரிவில் தெளிவாகக் கூறுகிறது. முதன்முறை தவறிய இளைஞர் பலருக்கு இது உரித்தானது. இதை அறியாமலே பெற்றோர் பலர் மகனின் எதிர்காலம் முடிந்துவிட்டதென்று ஒடுங்கிப் போகின்றனர். மாவட்ட நன்னடத்தை அலுவலரைச் சென்று காண்பதில் வெட்கத்துக்கு எதுவுமில்லை. புழலில் சிறைத்துறையே நடத்தும் பெட்ரோல் பங்கில் சிறைவாசிகள் நின்று எரிபொருள் நிரப்புகின்றனர். வண்டி ஓட்டி வருவோர் பணத்தை அவர்கள் கையில்தான் கொடுக்கின்றனர். மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போகின்றனர்.

படங்களுக்கே திரும்புவோம். 'லியோ'வுக்கு முன்னோடியாக அமைந்த ஆங்கிலப் படம் 2005-இல் டேவிட் குரோனன்பர்க் எடுத்த 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்'. அமெரிக்கச் சிற்றூரில் உணவுக் கடை நடத்தும் டாம் என்பவனின் பழைய கொலை வாழ்வு வெளிப்பட்டு, மனைவி மனம் கசந்து, மகன் முகம் கொடுக்காமல் போகிறான். இப்படமும் வன்முறை மிக்கது, பெரியோருக்கு மட்டுமே உரியது. ஆனால் அதன் கடைசிக் காட்சியை யாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. எல்லாக் கணக்கையும் குருதியால் தீர்த்துவிட்டு டாம் இரவில் வீடு திரும்புகிறான். மனைவியும் பிள்ளைகளும் உணவு மேசையில் அமர்ந்திருக்கின்றனர். எவரும் பேசவில்லை. அவன் வாசலிலேயே நிற்கிறான். அப்போது சின்ன மகள் எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து வந்து அவனுடைய இடத்தில் வைக்கிறாள். மகன் தயங்கி, இறைச்சி இருந்த பாத்திரத்தை அவன் பக்கமாகத் தள்ளுகிறான். மனைவி தலையை நிமிர்த்தி அவனைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று படம் சொல்வதில்லை.